சேறும் மலைதான்

ஜூன் மாதம் முதல் மழை பிடித்ததும் மும்பையின் ஞாயிற்றுக்கிழமை மாறிவிடும். விடியற்காலை கசாரா லோக்கலிலும் கர்ஜத் லோக்கலிலும் முதுகுப்பை சுமந்த இளைஞர் கூட்டம் ஏறும். மாட்டுங்கா, செம்பூர் வீட்டுப் பிள்ளைகளும் தாராவிப் பையன்களும் அதில் உண்டு. எந்த மலைக்கு என்று கேட்டால் பத்துப் பன்னிரண்டு பெயர்களுக்குள் பதில் அடங்கிவிடும். கல்சுபாய், ஹரிஹர், ஹரிச்சந்திரகட், லோகாகட், ராஜ்மாச்சி என்று சுற்றிச் சுற்றி அதே பெயர்கள்தாம். ஏற ஓர் உச்சி வேண்டும். இல்லையென்றால் ஒரு கோட்டை. அதுவும் இல்லையென்றால் ஓர் அருவி. இந்தக் கணக்கில் சேராத மலைகள்தாம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியான சஹ்யாத்ரியில் அதிகம். மேலே போனால் தட்டையான வெளி, முகத்தில் அறையும் மேகம், கணுக்கால் வரை சேறு, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத வெண்மை. படம் எடுத்துக் காட்ட ஒன்றுமில்லை என்று ஆட்கள் அவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் மலை எப்படி வேலை செய்கிறது என்று அறிய விரும்புகிறவர் நடக்க வேண்டிய இடம் இந்த ஒதுக்கப்பட்ட மேடுகளே என்பது என் வாதம். நடக்க யாரும் போகாததால்தான் அவை ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகின்றன என்பது அதன் மறுபாதி.

உயரத்தை மட்டும் பார்த்து மலையை மதிப்பிடுவது மும்பைக்காரர்களின் தனிப் பழக்கம் அன்று. ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தில் இது ஒரு நூற்றாண்டுக்கும் மேலான மரபு. 1891-இல் ஹியூ மன்ரோ என்பவர் அந்நாட்டில் மூவாயிரம் அடிக்கு மேலுள்ள மலைகளையெல்லாம் பட்டியலிட்டார். இன்று அந்தப் பட்டியலில் 282 மலைகள் இருக்கின்றன. அவை அனைத்தையும் ஏறி முடிப்பதைப் பலர் பல ஆண்டுத் தவமாகவே கொண்டிருக்கிறார்கள். பட்டியலில் இடம்பெறாத, சற்றே தாழ்ந்த, காலை வைத்தால் உள்ளிழுக்கும் ஈர மலைகளில் நாள் முழுக்க நடந்தாலும் வேற்றாள் முகம் தென்படாது. (பிரிட்டனிலேயே உயர்ந்த பென் நெவிஸ் 1,345 மீட்டர்தான்; நம் கல்சுபாய் 1,646 மீட்டர். உயரத்தில் நமக்குக் குறை ஒன்றுமில்லை.) ஆனால் அதே நாடு சேற்றின் அருமையையும் உணர்ந்துகொண்டது. அங்கே பாசி செத்தாலும் மட்குவதில்லை. நீரில் ஊறியபடியே அடுக்கடுக்காகப் படிந்து, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் கரிச்சேறாகிறது. காற்றிலிருந்து உறிஞ்சிய கரிமம் அதற்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அடைபட்டுக் கிடக்கிறது. ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள ஃப்ளோ கன்ட்ரி என்னும் சதுப்புப் பரப்பை 2024 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. உச்சியும் இல்லை, கோட்டையும் இல்லை. சேற்றுக்காகவே அந்த மதிப்பு.

நம் நீலகிரியின் உச்சிப் பள்ளத்தாக்குகளிலும் இத்தகைய கரிச்சேறு உண்டு. அதைத் தோண்டி ஆராய்ந்துதான் ராமன் சுகுமாரும் அவருடைய சக ஆய்வாளர்களும், கடந்த இருபதாயிரம் ஆண்டுகளில் அந்த மலையில் ஈரமும் வறட்சியும் எப்படி மாறி மாறி வந்தன என்று 1993-இல் எழுதினார்கள். சஹ்யாத்ரியின் சேறு அத்தகையது அன்று. இங்கே ஆண்டில் நான்கு மாதம் வானம் பொத்துக்கொண்டு கொட்டும். மீதி எட்டு மாதம் வெயில் பாறையைப் பிளக்கும். ஆகவே சேறு நிலைத்துப் படிய வழியில்லை; ஜூனில் பிறந்து நவம்பரில் செத்துவிடுகிறது. ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பு இறுகி உண்டான கரும்பாறை அடியில் கிடக்கிறது. பல மேடுகளில் அதன் தலைமேல் துருச் சிவப்பில் செம்பாறை ஓடு ஒன்று மூடியிருக்கிறது. கொங்கணத்தில் இந்தத் தட்டை மேடுகளை ‘சடா’ என்கிறார்கள். மேலே மண் என்று இருப்பது சில அங்குலம்தான். பல இடங்களில் அதுவும் இல்லை. மகாபலேஷ்வரம் பக்கத்தில் ஆண்டுக்கு ஐயாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மழை இந்தப் பாறைக் குழிகளிலும் வெடிப்புகளிலும் தேங்குகிறது, ஊறுகிறது, விளிம்புக்குக் கீழே ஊற்றாகக் கசிகிறது.

குனிந்து பார்க்கிறவருக்கே இந்த நிலம் பிடிபடும். சாத்தாராவுக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் காஸ் மேட்டை எடுத்துக்கொள்வோம். ஆகஸ்ட் கடைசியில் அங்கே செம்பாறைக் குழிகளில் விரல்கடை ஆழத் தண்ணீர் நிற்கும். அதன்மேல் ஊதா நிறத்தில், நகத்தைவிடச் சிறிய பூக்கள் ஆயிரமாயிரமாகத் தலைநீட்டும். மராத்தியில் அவற்றைச் சீதையின் கண்ணீர் என்பார்கள். மேலே பார்க்கச் சாதுவான பூ. அடியில் அது வேட்டையாடும் செடி. சேற்றுக்குள் இறங்கிய இழைகளில் குண்டூசித் தலையளவில் சிறு பைகள் ஒட்டியிருக்கின்றன. நீரில் நீந்தும் நுண்ணுயிர் ஒன்று பையின் வாயிலிருக்கும் மயிரைத் தொட்டால் போதும், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் வாய் திறந்து, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சி மூடிக்கொள்ளும். பக்கத்திலேயே சூரியப் பனித்துளிச் செடி, இலை மயிர்களின் நுனியில் பசைத் துளி ஏந்திப் பூச்சிக்காகக் காத்திருக்கும். இந்தச் செடிகளுக்கு ஏன் இந்தப் பசி என்றால், மழை அத்தனை சத்தையும் அடித்துக்கொண்டு போன மண்ணில் நைட்ரஜன் கிடைப்பதில்லை. அதைப் பூச்சியின் உடலிலிருந்து எடுக்கின்றன. வெள்ளைப் பொத்தான்களைச் சிதறவிட்டதுபோல் பூக்கும் ‘கேந்த்’ செடி, மஞ்சள் ‘கவ்ளா’, இளஞ்சிவப்பு ‘தேர்டா’ எல்லாமே இந்தச் சில வார ஈரத்துக்குள் முளைத்துப் பூத்து விதைத்து முடித்துவிட வேண்டியவை. தெற்கே ஆம்போலியில் செம்பாறைக் குழியின் தற்காலிகத் தண்ணீரில் முட்டையிடும் ஒரு சிறு தேரை இருக்கிறது. 2009-இல்தான் அறிவியல் அதைத் தனி இனமாக அடையாளம் கண்டது. அந்த வட்டாரத்தைத் தவிர உலகில் வேறெங்கும் அது இருப்பதாகத் தெரியவில்லை. அது பிறந்து வளரும் குளம் ஒரு பூட்ஸ் தடத்தைவிடச் சற்றே பெரியது.

இப்படிப்பட்ட நிலத்துக்கு அரசு ஆவணத்தில் என்ன பெயர்? தரிசு. மரமில்லை, பயிரில்லை, பாறை தெரிகிறது; ஆகவே வெற்று நிலம். சஹ்யாத்ரியின் பாறை மேடுகளை நீண்டகாலம் ஆராய்ந்துவரும் அபர்ணா வாட்வே போன்றவர்கள் இந்த வகைப்பாடு எவ்வளவு கேடானது என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். பாழ்நிலம் என்று ஒரு முறை எழுதிவிட்டால் அப்புறம் அதில் எதை வைத்தாலும் அது வளர்ச்சிதான். சாத்தாரா பக்கத்துச் சால்கேவாடி மேட்டில் காற்றாலைகளும் அவற்றுக்கான சாலைகளும் வந்தன. கோலாப்பூர் மாவட்டத்து மேடுகளில் பாக்சைட்டுக்காகச் செம்பாறையையே சீவி எடுத்தார்கள். ரத்னாகிரியில் பாறையை வெடிவைத்துக் குழிபறித்து, வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டி, அல்போன்சா மாந்தோப்பு போட்டார்கள். நீலகிரியிலும் இதே கதைதான். சோலைகளுக்கு நடுவிலிருந்த புல்வெளியையும் ஈரப் பள்ளங்களையும் வீண் நிலம் என்று எண்ணி வாட்டில், யூகலிப்டஸ் நட்டார்கள். வந்தேறி மரங்கள் பரவிப் புல்வெளியை விழுங்கின. இன்று அவற்றை அகற்றப் படாதபாடு படுகிறார்கள்.

நடந்து போய்ப் பார்த்தவர்கள் இந்தத் தீர்ப்பை மாற்றிய கதை ஒன்று கொங்கணத்திலேயே இருக்கிறது. ரத்னாகிரியைச் சேர்ந்த சுதிர் ரிஸ்பூட், தனஞ்சய் மராட்டே முதலிய சிலர், ஓய்வு நேரத்தில் சடாக்களில் நடந்து, ஊர்க்காரர்களிடமும் ஆடுமாடு மேய்ப்போரிடமும் விசாரித்து, செம்பாறைத் தரையில் செதுக்கப்பட்ட பழங்கால உருவங்களைத் தேடிப் பதிவு செய்தார்கள். யானை, சுறா, திருக்கை மீன், மனித உருவங்கள், பொருள் விளங்காத வடிவங்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. அவற்றில் சில பல ஆயிரம் ஆண்டுப் பழமை உடையவை என்று தொல்லியலாளர்கள் கருதுகிறார்கள். 2022-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் அவை இடம்பெற்றன. பார்சு மேட்டில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அமைக்க எழுந்த யோசனையை 2023-இல் ஊர்மக்கள் எதிர்த்தபோது, அந்த மேட்டிலுள்ள செதுக்கல்களும் விவாதத்தின் ஒரு பகுதியாயின. யாரும் நடக்காத நிலத்துக்குப் பரிந்து பேச ஆளிராது. நடந்த ஒரு சிலர் இருந்தால் ஆவணத்தை எதிர்த்துக் கேட்க ஒரு சாட்சியாவது கிடைக்கும். மலைநடைக்கு உடற்பயிற்சி, மன அமைதி என்று ஆயிரம் நன்மை சொல்வார்கள். எனக்கு இந்தச் சாட்சி வேலைதான் முதன்மையாகப் படுகிறது.

இதில் மும்பைக்கு வேறொரு பங்கும் இருக்கிறது. இந்த மாநகரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 385 கோடி லிட்டர் தண்ணீர் பெறுகிறது. ஏழு ஏரிகளிலிருந்து வரும் அந்தத் தண்ணீரில் நகர எல்லைக்குள் கிடைப்பது விஹார், துளசி என்ற இரண்டு சின்ன ஏரிகளின் பங்குதான். பாதியளவு பாட்சா அணையிலிருந்து வருகிறது. பாட்சாவும் தான்சாவும் இருப்பது கசாரா லோக்கல் போகும் வழியில், ஷஹாபூர் வட்டத்தில். இந்த அணைகளை நிரப்புவது பெரும்பாலும் மழைக்காலத்து ஓட்டநீர்தான். மேட்டுச் சேறே மும்பையின் குழாயில் வருகிறது என்று சொன்னால் அது மிகை. சேற்றின் வேலை மழை விட்ட பிறகு தொடங்குகிறது. அக்டோபருக்கு அப்பால் ஓடைகளில் கொஞ்சமாவது தண்ணீர் ஓடுவதும், மலைச்சரிவிலுள்ள வாடிகள் என்னும் சிற்றூர்களின் ஊற்றுகள் சில மாதம் தாக்குப்பிடிப்பதும் மேலே ஊறிய ஈரத்தால்தான். அந்த ஊற்றும் வற்றிவிட்டால், மும்பைக்குத் தண்ணீர் தரும் அதே ஷஹாபூரின் மலைக்குடிகள் ஏப்ரல், மே மாதங்களில் டேங்கர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிறார்கள். இது ஆண்டுதோறும் செய்தியாக வருகிறது, ஆண்டுதோறும் மறந்துபோகிறது. ஏறிய மலையின் ஊற்று வற்றியதா ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறவருக்கு அந்தச் செய்தியை அவ்வளவு எளிதாக மறக்க முடியாது.

எதிர்ப்புகள் இருக்கின்றன. முதலாவதும் வலுவானதும் இது: அமைதியான இடத்தைப் புகழ்ந்து எழுதினால் அதன் அமைதியே போய்விடும். காஸ் மேட்டுக்கு நேர்ந்தது இதுதானே? மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களில் ஒன்றாக 2012-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததும் அங்கே கார்கள் வரிசை கட்டின. ஒரு நாளைக்கு மூவாயிரம் பேர் என்று வரம்பு வைக்க வேண்டியதாயிற்று. வேலி போட்டார்கள், மாடு மேய்வதைத் தடுத்தார்கள். மேய்ச்சல் நின்றதும் உயரப் புல் வளர்ந்து சின்னப் பூக்களை அமுக்கத் தொடங்கியது என்று ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். பிறகு வேலியை எடுத்தார்கள். இந்த எதிர்ப்பை நான் முழுதாக ஏற்கிறேன், ஆனால் அதிலிருந்து வேறு முடிவுக்கு வருகிறேன். காஸுக்குக் கேடு செய்தது நடை அன்று. ஒரே இடத்தின் பெயர், அதுவும் மூன்று நான்கு வாரங்களுக்கு மட்டும். காஸைப் போன்ற மேடுகள் சஹ்யாத்ரி நெடுகச் சிதறிக் கிடக்கின்றன. ஓரிடத்தை உச்சத்தில் வைத்து விளம்பரப்படுத்தும் பழக்கம்தான் பத்து மலையை மிதித்து நாசமாக்கிவிட்டு நூறு மலையைக் குவாரிக்காரனுக்கு விடுகிறது. ஆகவே மேட்டைப் பற்றிப் பேசலாம், எழுதலாம்; வரைபடக் குறியோடு ஊருக்கெல்லாம் அனுப்ப வேண்டாம். காஸைக் காப்பதில் காஸ், ஏகீவ், அடாளி, காசாணி கிராமங்களின் வனக் குழுக்கள் காட்டிய பொறுப்பு இன்னொரு பாடம்: நிலத்தோடு வாழ்கிறவர்களுக்கு வாசலில் நின்று கட்டணமும் கணக்கும் வைக்கும் உரிமை இருந்தால் கூட்டத்தை அடக்க முடிகிறது.

இரண்டாவது எதிர்ப்பு உயிரைப் பற்றியது, அதை லேசாகப் பேசக் கூடாது. 2014 ஜூலை 30-ஆம் தேதி பீமாசங்கர் பக்கத்து மாளீண் கிராமத்தின்மேல் மலை சரிந்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2023 ஜூலை 19 இரவில் இர்ஷால்கட் சரிவிலிருந்த இர்ஷால்வாடி மண்ணுக்குள் போயிற்று. இறந்தவர்களும் கிடைக்காமலே போனவர்களுமாக எண்பதுக்கும் மேல். 2024 ஜூன் 30 அன்று லோனாவ்லாவில் பூஷி அணைக்கு மேலே அருவி ஓட்டத்தில் சிக்கி ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேர் அடித்துச் செல்லப்பட்டனர். இதையெல்லாம் படித்த பெற்றோர் மழைக்காலத்தில் மலையே வேண்டாம் என்றால் யார் குறை சொல்ல முடியும்? ஆனாலும் இந்த விபத்துகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாளீணிலும் இர்ஷால்வாடியிலும் இறந்தவர்கள் மலையேற வந்தவர்கள் அல்லர், அங்கேயே குடியிருந்தவர்கள். உல்லாசமாக வந்து உயிரிழப்பவர்களில் பெரும்பாலோர் அருவியின் அடியில், ஓடையின் நடுவில், செங்குத்துப் படியில், பாறை விளிம்பில் படம் எடுக்கும்போது சிக்குகிறார்கள். அதாவது, பெயர்பெற்ற காட்சிகள் எங்கே இருக்கின்றனவோ அங்கே. தட்டை மேட்டுக்கும் தனக்கே உரிய ஆபத்துண்டு. மேகம் இறங்கினால் திசை தெரியாது. நாலாபுறமும் ஒரே வெண்மை. விளிம்பு எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் விளிம்பு வந்துவிடும். மேலே போகும்போது தாண்டிய ஓடை திரும்பி வரும்போது இடுப்பளவு ஓடும். அதனால்தான் ஜூலை வேண்டாம் என்கிறேன். வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விடுத்த நாளில் எந்த மலையும் வேண்டாம். மழை சற்றே தணியும் ஆகஸ்ட் பிற்பாதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை போனால் பூவும் இருக்கும், சேறும் இருக்கும், ஓடையைக் கடக்கவும் முடியும். அடிவாரத்து வாடியிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொள்வது கட்டாயம் என்றே சொல்வேன். மூங்கிலும் இலையும் வேய்ந்த ‘இர்லே’யை முதுகில் கவிழ்த்துக்கொண்டு மாட்டுக்குப் பின்னால் அதே மூடுபனியில் நடந்து பழகிய ஆளுக்கு, கைபேசி வரைபடம் காட்டாத வழியெல்லாம் தெரியும். அவருக்குக் கூலியும், அவர் வீட்டில் பிட்லா-பாக்ரிச் சாப்பாட்டுக்கு விலையும் கொடுப்பது உபகாரம் அன்று, கணக்கு.

இதெல்லாம் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு, ஆறு நாள் பட்டறையில் நின்றவனுக்கு ஏழாம் நாள் சேற்றில் நடக்க என்ன விதியா என்ற கேள்வியும் நியாயமானதே. ரயில் கட்டணம் தடையாக இல்லை. சயானிலிருந்து கசாராவுக்கு இரண்டாம் வகுப்புச் சீட்டு ஐம்பது ரூபாய்க்குள்தான். உண்மையான தடை நேரமும் களைப்பும். அதைக் கட்டுரையால் தீர்க்க முடியாது. ஆனால் ஈர மலையோடு மிக நெருங்கிய உறவு தாராவிக்குத்தான் என்பதை இந்தக் கேள்வி மறைத்துவிடுகிறது. மித்தி ஆறு சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் குன்றுகளுக்குக் கீழே, விஹார், பவாய் ஏரிகளின் வழிநீராகப் புறப்பட்டு, நகரத்தைக் கடந்து தாராவி ஓரமாக மாஹிம் கழிமுகத்தில் முடிகிறது. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானபோது அந்த ஆறு வீடுகளுக்குள் வந்தது. அவ்வளவு மழையை எந்தச் சதுப்பும் முழுதாகத் தாங்கியிருக்காது. ஆனால் ஆற்றின் இருபுறமும் இருந்த ஈர நிலத்தைத் தூர்த்துக் கட்டடமாக்கிய பிறகு தண்ணீர் நின்று போக இடமே இல்லாமல் போனது எல்லோருக்கும் தெரிந்த உண்மை. ஆகவே கசாராவுக்குப் போக முடியாதவர் இந்த ஆற்றின் இரு முனைகளையாவது பார்க்கலாம். மேல் முனையில் பூங்காவின் கான்ஹேரிக் குகைகள் இருக்கின்றன. மழைநீர் வழியும் பாறையில் வாய்க்கால் வெட்டித் தொட்டிகளில் சேமித்த பௌத்தத் துறவிகளின் வேலைப்பாடு அங்கே இன்றும் தெளிவாகத் தெரியும். அதைச் சுற்றியுள்ள சரிவுகளில் ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை காரவி பூக்கும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நம் நீலக்குறிஞ்சிக்கு அது நெருங்கிய சொந்தம். கீழ் முனையில், தாராவியை ஒட்டி, ஒருகாலத்தில் குப்பைமேடாக இருந்த இடத்தில் மண்ணிட்டு மரம் வளர்த்து உண்டாக்கிய மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. பாழ்நிலம் என்பது நிரந்தரத் தீர்ப்பு அன்று என்பதற்கு ஊருக்குள்ளேயே அது ஆதாரம்.

கடைசியாக, நம் காலே அந்தச் சேற்றைக் கெடுக்காதா? கெடுக்கும், தவறான இடத்தில் வைத்தால். ஸ்காட்லாந்தில் பாதை சகதியானால் அதன் நடுவிலேயே நடந்து போகச் சொல்வார்கள். ஓரமாக ஒதுங்கி ஒதுங்கி நடந்தால் பாதை அகன்றுகொண்டே போகும் என்பதால். சஹ்யாத்ரி மேட்டில் அதைவிட எளிய வழி உண்டு. ஈரக் குழிகளுக்கு இடையில் வெற்றுப் பாறைத் தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும்; அடி வைக்க வேண்டியது அவற்றின்மேல். மாட்டுத்தடம் இருந்தால் அதிலேயே போகலாம். ஆறேழு பேருக்கு மேல் சேர்ந்து போக வேண்டாம். பாறையில் தளர்வாகக் கிடக்கும் கல்லைப் புரட்ட வேண்டாம், அதன் அடியில் நண்டோ தவளையோ தேளோ குடியிருக்கும். குழித் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டாம். மேட்டைத் தோண்டியிருந்தால், புதிதாக லாரித் தடம் தெரிந்தால், ஊற்று வற்றியிருந்தால் நாளைக் குறித்துப் படம் எடுத்து, ஊர்ப் பஞ்சாயத்துக்கும் வனத்துறைக்கும் எழுதி அனுப்பலாம்.